பழையது என்ற ஒரே தகுதி – கிதார் ஸ்பீக்கர்களும் பெயரடைச் சந்தையும்

கிதார் ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஸ்பீக்கர் கெட்டுப்போனால் அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்ற கேள்விக்கு நம்மிடையே வழங்கிவரும் விடைகள் பெரும்பாலும் பெயரடைகளால் ஆனவை. இது வெதுவெதுப்பானது, அது கண்ணாடி போன்றது, மற்றொன்று வெண்ணெய் போன்றது, இன்னொன்று 'அசல் பழைய ஒலி'யைத் தருவது. விற்பவர்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. வாங்கியவர்களும் தாம் செலவிட்ட பணத்துக்கு நியாயம் தேடி இதே சொற்களைத் திருப்பிச் சொல்கிறார்கள். வாங்கப்போகிறவர்கள் அச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். இந்தப் பேச்சு பொருளற்றது, அதோடு தீங்கானது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்த விவகாரம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 'அருமையான கவிதை', 'ஆழமான நாவல்', 'மண்வாசனை மிக்க நடை' என்று எழுதப்பட்ட விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருபவன் நான். எங்கள் கல்லூரி இசைக்குழுவின் கருவிகளைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் நான் காண்பது ஒரே நோய். பொருளைப் பார்க்காமல் அதன் மீது ஒட்டப்பட்ட சொல்லைப் பார்க்கும் நோய். விடைத்தாளில் அதனால் இழப்பது இரண்டு மதிப்பெண். இசைக்குழுவில், மாலைநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை ஒரு மாணவன் இழக்கிறான். சில சமயம் ஆம்ப்ளிஃபயரையும் இழக்கிறான். நம் ஊரில் கிதார் ஸ்பீக்கரை மாட்டி வாசித்துப் பார்த்து வாங்க வாய்ப்புத் தரும் கடைகள் அரிது. பெரும்பாலும் படத்தையும் வருணனையையும் நம்பியே வரவழைக்க வேண்டியிருக்கிறது. கேட்க முடியாத இடத்தில் பெயரடை ஆட்சி செய்கிறது.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் 'ஒலிபெருக்கி' என்ற சொல்லை லவுட்ஸ்பீக்கருக்கு வைத்துவிட்டோம். உண்மையில் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. பெருக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. பெருக்கப்பட்ட மின்னலைகளைக் காற்றின் அதிர்வாக மாற்றித் தருவது ஸ்பீக்கரின் வேலை. காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. சுருள் முன்னும் பின்னும் நகர்கிறது. அதனோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பு காற்றைத் தள்ளுகிறது. உள்ளே செல்லும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கே ஒலியாகிறது. மீதியெல்லாம் வெப்பமாகிறது. 'ஒலிபெருக்கி' என்ற சொல் இத்தனையையும் மறைத்துவிடுவதால், இக்கட்டுரையில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்ற வழக்குச் சொற்களையே கையாள்கிறேன்.

*

இந்த விவாதத்தில் எனக்கு எதிர்த்தரப்புகள் இரண்டு. ஒன்று, "ஸ்பீக்கர் என்றால் ஸ்பீக்கர்தானே, 12 அங்குலத்துக்கு 12 அங்குலம் மாட்டினால் போதும்" என்கிற தரப்பு. இரண்டாவது, "அசலாக எது இருந்ததோ அதுவே தெய்வம்" என்கிற தரப்பு. இவை ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினாலும், இரண்டுமே ஸ்பீக்கர் என்ன செய்கிறது என்று கேட்க மறுப்பவை.

முதல் தரப்பை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் அறிந்த வடிவிலான ஸ்பீக்கரை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் விளக்கி வெளியிட்டார்கள். உள்ளே வந்ததை மாற்றாமல் வெளியே தர வேண்டும் என்பதே அந்த முயற்சியின் இலக்கு. வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் அது சரியான இலக்கு. நல்ல மொழிபெயர்ப்பாளரைப் போல, ஸ்பீக்கர் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும்.

கிதார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் இதற்கு நேர்மாறானது. அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை. சாதாரணமாகச் சுருதி கூட்டப்பட்ட கிதாரின் அடித்தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிதார் ஸ்பீக்கர் சுமார் 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகப் பேசும். அதற்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடும். மனிதச் செவி 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்ற கணக்கில் பார்த்தால் இது பெருங்குறை. ஆனால் கிதாருக்கு இந்தக் குறைதான் உயிர். ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குத் தள்ளும்போது ஒலி திரிந்து, ஏராளமான மேற்சுரங்கள் பிறக்கின்றன. அவற்றை முழுமையாகத் தரும் ஸ்பீக்கரில் அந்த ஒலி தகரத்தை அரத்தால் ராவுவது போலிருக்கும். கிதார் ஸ்பீக்கர் மேல்பகுதியை வெட்டிவிடுவதால்தான் அதே திரிபு நம் செவிக்கு இசையாகிறது. எனவே மேடைகளில் குரலுக்காக வைக்கப்படும் 12 அங்குல ஸ்பீக்கரையோ, வீட்டு இசைப்பெட்டியின் ஸ்பீக்கரையோ கிதார் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவது சிக்கனம் ஆகாது. திருகாணித் துளைகள் பொருந்தும். இசை பொருந்தாது.

இந்த வாதத்துக்கு வரலாற்றுச் சான்றுகள் உண்டு. 1951இல் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் பதிவுக்கூடத்தில் 'ராக்கெட் 88' பதிவானபோது கிதார் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே சேதமடைந்திருந்தது. சேதமடைந்த ஸ்பீக்கரில் காகிதத்தை அடைத்துப் பதிவைத் தொடர்ந்தார்கள். 1958இல் லிங்க் ரே 'ரம்பிள்' என்னும் இசைக்காகத் தம் ஸ்பீக்கர் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் 'தி கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் சிறியதொரு ஆம்ப்ளிஃபயரின் கூம்பைச் சவர பிளேடால் கீறி 'யூ ரியலி காட் மீ' பாடலின் கிதார் ஒலியைப் பெற்றார். முதலாவது விபத்து. மற்ற இரண்டும் வேண்டுமென்றே செய்தவை. மூன்றிலும் மாறியது ஸ்பீக்கர். அந்த மாற்றத்தைத்தான் உலகம் கேட்டது.

இதைவிட வலுவான சான்று மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் பிறப்பு. 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப்ளிஃபயரின் மின்சுற்று, அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைப் பெரிதும் பின்பற்றியது. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டிக்குள் நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷல் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்களை முழுக்க மூடிய பெட்டியில் வைத்தார். வால்வுகளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சில வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரே சுற்று, ஒருபுறம் அமெரிக்க ஒலி என்றும் மறுபுறம் ஆங்கிலேய ஒலி என்றும் பெயர்பெற்றதில் ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் பெரும்பங்கு உண்டு. கிதார் ஸ்பீக்கர் வாத்தியத்தின் ஓர் உறுப்பு. அதை உதிரிபாகமாக மட்டும் கருதுபவர் வீணையின் குடத்தையும் உதிரிபாகம் என்றே சொல்லக்கூடியவர்.

*

இப்போது இரண்டாவது தரப்பு. இவர்கள் ஸ்பீக்கர் முக்கியம் என்பதை அறிந்தவர்கள். ஆனால் அந்த அறிவைப் பக்தியாக மாற்றிக்கொண்டவர்கள். பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அது பிறந்த காலத்து ஸ்பீக்கரையே தேடுவார்கள். கிடைக்காவிட்டால் அதன் மறுபதிப்பை, 'அசல்' என்ற சொல்லுக்கான கூடுதல் விலையோடு வாங்குவார்கள்.

அசல் எது? ஃபெண்டரின் புகழ்பெற்ற ட்வின் ரிவர்ப் 1963இல் அறிமுகமானது. 1960களில் வெளிவந்த பெட்டிகளைத் திறந்தால் சிலவற்றில் ஜென்சன் இருக்கும். சிலவற்றில் ஆக்ஸ்ஃபோர்டு இருக்கும். கூடுதல் பணம் கொடுத்தவர்களின் பெட்டியில் ஜே.பி.எல். இருக்கும். ஃபெண்டரின் மற்ற மாதிரிகளில் யூட்டாவும் சி.டி.எஸ்.ஸும்கூட உண்டு. தொழிற்சாலை அந்தந்த வாரத்தில் எது கிடைத்ததோ, எது விலைக்குக் கட்டுப்படியானதோ அதை மாட்டியது. அமெரிக்க ஸ்பீக்கர்களின் சட்டத்தில் குத்தப்பட்ட எண்களே இதற்குச் சாட்சி. 220 என்று தொடங்கினால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு, 137 என்றால் சி.டி.எஸ்., 328 என்றால் யூட்டா. அதைத் தொடரும் எண்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 220436 என்றிருந்தால் ஜென்சன் தயாரிப்பு, 4இல் முடியும் ஆண்டின் 36ஆவது வாரம். அது 1954ஆ 1964ஆ என்பதை மற்ற அடையாளங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். சுவடிப் பதிப்பில் சற்றேனும் பழகியவர்களுக்கு இது புதிதன்று. பாடபேதங்களைப் பார்த்த பிறகு 'ஒரே மூலபாடம்' என்று அடித்துப் பேசுவதற்குக் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும். பக்தர்களுக்கு அந்தக் கூச்சம் வருவதில்லை.

பழைய காந்தத்தைப் பற்றிய புராணமும் இப்படித்தான். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த 'அல்நிகோ' காந்தத்தால் செய்தவையே உயர்ந்தவை, ஃபெரைட் எனப்படும் பீங்கான் வகைக் காந்தம் மட்டமானது என்று ஒரு சாதி வரிசையை வைத்திருக்கிறார்கள். நடந்தது என்ன? 1960களில் மலிவு கருதிப் பல தயாரிப்பாளர்கள் ஃபெரைட்டுக்கு மாறினார்கள். அல்நிகோவில் எஞ்சியிருந்த சிலரை, 1978இல் ஜைரின் ஷாபா மாகாணத்தில் மூண்ட சண்டையும் அதையொட்டிய கோபால்ட் விலையேற்றமும் மாற்றின. மாற்றத்துக்குக் காரணம் அழகியல் அன்று, கொள்முதல் கணக்கு. இதில் நகைமுரண் என்னவென்றால், அப்படிச் சிக்கனத்துக்காகப் பிறந்த ஃபெரைட் ஸ்பீக்கர்களில் ஒன்றுதான் செலஸ்டியனின் ஜி12எம். பின்புற மூடியின் நிறத்தால் 'கிரீன்பேக்' என்று பெயர்பெற்றது. 1960களின் நடுவில் வந்த அது இன்று தானே ஒரு திருவுருவமாகிவிட்டது. நேற்றைய சிக்கனம் இன்றைய சன்னிதானம். காந்தத்தின் வகையை மட்டும் வைத்து ஒலியை முடிவு செய்ய இயலாது. கூம்பின் கனம், அதன் வரிப்பள்ளங்கள், விளிம்பு, சுருளின் எடை, காந்தத்தின் வலிமை என எல்லாமே ஒலியில் பங்கு கொள்கின்றன.

பெயர்களைக் கொஞ்சம் கவனிப்போம். பழைய ஜென்சன் ஸ்பீக்கரில் பி12ஆர் என்று எழுதியிருந்தால் பி அல்நிகோ காந்தத்தைக் குறிக்கும். 12 விட்டத்தின் அங்குலம். இறுதி எழுத்து அந்த வரிசையில் அதன் தரநிலை. சி12என் என்றால் சி பீங்கான் காந்தம். செலஸ்டியனின் ஜி12எம், ஜி12எச் என்ற பெயர்களில் எம் நடுத்தரக் காந்தம், எச் கனமான காந்தம். இவை நேர்மையான பெயர்கள். பொருளைச் சுட்டிவிட்டு விலகிக்கொள்கின்றன. பிறகு 1980களில் அதே நிறுவனம் 'விண்டேஜ் 30' என்று ஒன்றை வெளியிட்டது. விண்டேஜ் என்றால் பழமை. ஆனால் அது அன்று புதிய வடிவமைப்பு. 30 என்பதைப் பார்த்து 30 வாட் என்று எண்ணுபவர் பலர். ஆனால் அது தாங்கும் திறன் 60 வாட். இது மோசமான ஸ்பீக்கர் என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் எண்ணற்ற மேடைகளில் ஒலிப்பது அது. அதன் குரல் மேல்நடுப் பகுதியில் எழும்பி, கூட்டத்தில் கிதாரைத் தனியே கேட்கச் செய்வது. மென்மையான பழைய ஒலியை எதிர்பார்த்துப் பெயரை மட்டும் நம்பி வாங்கியவருக்குக் கிடைப்பது வேறொன்று. பெயரடை பெயரானால் இதுதான் கதி.

*

அப்படியானால் எதைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது? நான்கு கேள்விகள் போதும். நான்குக்கும் விடை ஸ்பீக்கரின் பின்புறத்திலோ, தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளிலோ இருக்கிறது.

முதலாவது ஓம் கணக்கு. கிதார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 4, 8, 16 ஓம் அளவுகளில் வருகின்றன. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் எந்த அளவு எழுதியிருக்கிறதோ அதுவே மொத்தமாக அமைய வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்தால் 16. பக்க இணைப்பில் 4. நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரிலும் பின் அவற்றைப் பக்கமாகவும் இணைத்தால் மீண்டும் 16. ஓர் 8 ஓம், ஒரு 16 ஓம் என்று கலந்து பக்கமாக இணைத்தால் மொத்தம் ஏறத்தாழ 5.3, அதோடு 8 ஓம் உள்ளது மற்றதைப் போல் இருமடங்கு சக்தியை வாங்கிக்கொள்ளும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து 8 ஓம் ஸ்பீக்கர் ஆறோ ஏழோ காட்டுகிறதே என்று பதற வேண்டாம். அது காட்டுவது கம்பியின் மின்தடையை மட்டுமே. டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் குறிப்பிட்டதைவிடக் குறைந்த ஓம் ஆபத்து, மின்னோட்டம் மிகும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரே இல்லாமல் இயக்குவது பேராபத்து. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் உயர் மின்னழுத்தம் அதன் காப்புறையைத் துளைத்துவிடும். மாணவர்கள் ஆம்ப்ளிஃபயரை இழக்கும் இடம் இதுதான். வெதுவெதுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதும் வருணனைகளில் இதைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை.

இரண்டாவது வாட் கணக்கு. இது ஸ்பீக்கர் தாங்கும் வெப்பத்தின் கணக்கு, ஒலியின் அளவன்று. 30 வாட் என்று குறிக்கப்பட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் முழுத் திரிபில் அதைவிட அதிகமாகவே தள்ளும். எனவே ஸ்பீக்கர்களின் மொத்தத் திறன் ஆம்ப்ளிஃபயரின் குறிப்பைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நலம். வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயரில் 15 வாட் செலஸ்டியன் ப்ளூ இரண்டு இருந்தன. 30 வாட்டுக்கு 30 வாட். விளிம்பில் நடப்பது போன்ற ஏற்பாடு. அந்த ஒலியை விரும்பினால் விளிம்பில் நடக்கிறோம் என்று அறிந்து நடக்கலாம். மறுபுறம், மிக உயர்ந்த வாட் உடைய ஸ்பீக்கரைச் சிறிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அது பொதுவாக எளிதில் நெகிழாது; தெளிவாகவே பேசிக்கொண்டிருக்கும். அது வேண்டுமா வேண்டாமா என்பது வாசிப்பவரின் முடிவு.

மூன்றாவது உணர்திறன். எல்லாவற்றிலும் முக்கியமானதும், எல்லோராலும் மறக்கப்படுவதும் இதுவே. ஒரு வாட் சக்தியை ஊட்டி ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே உணர்திறன். கிரீன்பேக்கின் குறிப்பு 98 டெசிபல். ப்ளூவும் விண்டேஜ் 30உம் 100. ஜி12டி-75 என்பது 97. மூன்று டெசிபல் என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் மூன்று டெசிபலை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பெற வேண்டுமானால் சக்தியை இரட்டிப்பாக்க வேண்டும். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினால் 15 வாட் ஆம்ப்ளிஃபயர் 30 வாட் ஆம்ப்ளிஃபயரைப் போல் ஒலிக்கும். மேடையில் கேட்கவில்லை என்று புதிய ஆம்ப்ளிஃபயரை வாங்கத் துடிப்பவர் முதலில் இந்த எண்ணைப் பார்க்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசிப்பவர் இதே எண்ணை எதிர்த்திசையில் பார்க்கட்டும். அவருக்குக் குறைந்த உணர்திறனே வரம்.

இதில் செவியும் பணயமாக இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரமே எல்லை என்றும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் பரிந்துரைத்திருக்கிறது. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் 15 நிமிடம். சிறிய அறையில் ஒத்திகை பார்க்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தச் 'சிறிய எண்' எத்தனை பெரியது என்பது இப்போது விளங்கும். இழந்த செவித்திறனுக்கு மறுபதிப்பு கிடையாது.

நான்காவது, பெட்டியும் குரலின் வடிவமும். பின்புறம் திறந்த பெட்டியில் ஒலி இருபுறமும் பரவும், அடித்தளம் தளர்வாக இருக்கும். மூடிய பெட்டியில் அடித்தளம் இறுகி, ஒலி முன்னோக்கிப் பாயும். கூம்பின் இயல்பதிர்வும் கவனிக்கத்தக்கது. பழைய ஜி12எச் வகையிலேயே 55 ஹெர்ட்ஸ், 75 ஹெர்ட்ஸ் என இரு கூம்புகள் இருந்தன. பெயர் ஒன்று, அடித்தளம் வேறு. விவரத்தாளில் உள்ள அதிர்வெண் வரைபடத்தில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மேடாக இருக்கிறதா சமதளமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே காதைக் குத்தும் ஆம்ப்ளிஃபயருக்கு அங்கே மேடுள்ள ஸ்பீக்கர் ஆகாது. மந்தமான ஆம்ப்ளிஃபயருக்கு அதுவே மருந்து. 'நல்ல ஸ்பீக்கர்' என்று தனியாக ஒன்று இல்லை. இந்த ஆம்ப்ளிஃபயருக்கு, இந்தப் பெட்டிக்கு, இந்த அறைக்கு எது என்பதே கேள்வி.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். "எண்களால் இசையை அளக்க முடியுமா? இறுதியில் காதுதானே நீதிபதி?" காதுதான் நீதிபதி. அதில் எனக்கு ஐயமில்லை. நான்கு எண்களும் ஒத்துப்போகும் இரண்டு ஸ்பீக்கர்கள் வேறுவேறாக ஒலிக்கலாம்; அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கக் காது வேண்டும். ஆனால் நீதிபதி வழக்கை ஒழுங்காக விசாரிக்க வேண்டுமல்லவா? ஒலி கூடக் கூட நம் செவி அடித்தளத்தை அதிகமாக உணர்கிறது. இதை 1933இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் வரைபடமாகக் காட்டிவிட்டார்கள். ஆகவே இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது எது சற்று உரக்க ஒலிக்கிறதோ அது 'முழுமையாக', 'உயிரோட்டமாக' இருப்பதாகத் தோன்றும். உணர்திறனில் இரண்டு டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கர் இப்படித்தான் கவித்துவமான பாராட்டுகளைப் பெற்றுவிடுகிறது. ஒலியளவைச் சமப்படுத்தி, அதே ஆம்ப்ளிஃபயரில், அதே பெட்டியில், முடிந்தால் எது எதுவென்று தெரியாமல் கேட்ட பின் சொல்லப்படும் தீர்ப்பையே நான் காதின் தீர்ப்பு என்பேன். மற்றவை விலைச்சீட்டின் தீர்ப்பு.

பெயரடையே கூடாது என்பதும் என் வாதமன்று. தமிழ் படித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். 'கூர்மை' என்று ஒருவர் சொல்லி, எந்தப் பகுதியில் மேடு இருப்பதால் அது கூர்மையாக இருக்கிறது என்று காட்டினால் அந்தச் சொல் உழைக்கிறது. 'மென்மை' என்று சொல்லி, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் முன்னதாகவே சரிவதைக் காட்டினால் அதுவும் உழைக்கிறது. கவிதையைப் பற்றிப் பேசும்போது மாணவர்களிடம் நான் கேட்பதும் இதுவே: எந்த வரி, எந்தச் சொல், அங்கே என்ன நிகழ்கிறது? சுட்டிக்காட்ட முடியாத பாராட்டு விமர்சனம் ஆகாது. அது விளம்பரம்.

கடைசியாக, யாரும் விற்கமுடியாத ஓர் ஆலோசனை. மாற்றுவதற்கு முன் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தளர்ந்த இணைப்பு, அறுந்த கம்பி, தளர்ந்த திருகாணி ஆகியவற்றால் அதிரும் பெட்டிகள் பல, ஸ்பீக்கர் செத்துவிட்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு கைவிரல்களாலும் கூம்பைச் சீராக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உராயும் ஓசை கேட்டால் சுருள் சிக்கல். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் அடித்தளம் காணாமல் போயிருந்தால் துருவங்கள் மாறியிருக்கலாம். 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் நொடிப்பொழுது தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும், பழைய ஜே.பி.எல். வகைகள் மட்டும் எதிராக நடக்கும். இரண்டும் ஒரே திசையில் அசைய வேண்டும் என்பதே முக்கியம். சிறு கிழிசலை மெல்லிய காகிதமும் பசையும் கொண்டு ஒட்டிவிடலாம். சுருள் எரிந்திருந்தால் காந்தமும் சட்டமும் நல்ல நிலையில் இருக்கும்வரை கூம்பையும் சுருளையும் புதிதாகக் கட்டலாம். திருவிழாக்களுக்கு ஒலி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர்களை நம்பி நம் ஊர்களில் இந்தக் கைவேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்த வேண்டும்: மேடை ஸ்பீக்கருக்கான கனத்த கூம்பை மாட்டிவிடக் கூடாது, கிதாருக்குரிய மெல்லிய காகிதக் கூம்பும் அதே ஓம் உள்ள சுருளும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் புதியதை வாங்குவதே முறை.

பழைய ஸ்பீக்கர்கள் மீது எனக்குப் பகையில்லை. அவற்றுள் சில மிக நல்லவை. அவை நல்லவையாக இருப்பதற்கான காரணம் பழையவையாக இருப்பது அன்று. கூம்பு, சுருள், காந்தம், பெட்டி, ஆம்ப்ளிஃபயர் ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தியதே காரணம். அந்தப் பொருத்தத்தைக் கேள்வி கேட்டு, கணக்கிட்டு, கேட்டுப் பார்த்து இன்றும் அமைத்துக்கொள்ளலாம். 'வெதுவெதுப்பு' என்ற சொல்லோடு ஒருவர் உங்களிடம் வந்தால் மரியாதையாகவே கேளுங்கள்: எத்தனை ஓம், எத்தனை வாட், எத்தனை டெசிபல், எந்தப் பெட்டியில் கேட்டீர்கள்? விடை வந்தால் தொடர்ந்து பேசலாம். வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.